கோரிக்கையைக் குடித்தவன்

மனித குலம் இதுவரை கண்ட சமாதான மாநாடுகளிலேயே மகத்தானது எது என்று யாராவது கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் பீர் ஸாலிம் மாநாடு என்று சொல்லிவிடலாம். மற்ற மாநாடுகளில் எல்லாம் மனிதர்கள் பேசித் தொலைத்தார்கள். பேசினால் சண்டை வரும் என்பது பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பீர் ஸாலிமில் மூன்று நாள் இரண்டு அமைச்சர்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நடுவே ஒரு கோப்பைக் காப்பி இருந்தது. இரண்டு நாடுகளின் மானம், மரியாதை, எதிர்காலம் எல்லாவற்றையும் அந்தக் குட்டிக் கோப்பையே தாங்கிக்கொண்டது.

அந்தக் காப்பியை ஊற்றியவன் பெயர் மர்ஸூக். கஸ்ரான் நாட்டு வெளியுறவு அமைச்சகத்தில் இருபத்திரண்டு வருஷமாக அவனுக்கு அதுதான் உத்தியோகம். இடது கையில் தல்லா என்கிற மூக்கு நீண்ட பித்தளைக் காப்பிக் கெண்டி, வலது கையில் கைப்பிடி இல்லாத கோப்பைகள். இந்த இருபத்திரண்டு வருஷத்தில் ஆறு அமைச்சர்கள் மாறினார்கள். வெளியுறவுக் கொள்கை எத்தனை தடவை மாறியது என்று அமைச்சகத்துக்கே தெரியாது. கொடியில்கூட ஒரு நட்சத்திரம் கூடியது. மர்ஸூக் போடும் ஏலக்காய் மட்டும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

போரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். போர் நடந்தது வடக்கே, வேறு இரண்டு பேருக்கு இடையில். கஸ்ரானும் அதன் பக்கத்து நாடான தல்மானும் அதில் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. ஆனால் பக்கத்தில் சண்டை நடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? யார் ஜெயிப்பார் என்று இரண்டு நாடும் தனித்தனியாக யோசித்து, ஜெயிக்கப்போகிறவர் பக்கம் 'கொள்கை அடிப்படையில்' நின்றன. கஸ்ரான் நினைத்தது பலித்தது. தல்மான் நினைத்தது பலிக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். போர் முடிந்த மறுநாள் கஸ்ரான் வானொலி தல்மானை 'முதுகில் குத்திய சகோதரன்' என்றது. தல்மான் வானொலி கஸ்ரானை 'விலைபோன சகோதரன்' என்றது. எத்தனை கோபத்திலும் சகோதரன் என்ற வார்த்தையை இருவரும் விடவில்லை, கவனிக்க வேண்டும். அன்று மாலையே எல்லைக் கதவு இழுத்துப் பூட்டப்பட்டது.

பூட்டும்போது மர்ஸூக்கின் பெண்டாட்டி ஹுஸ்ஸா கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். பிறந்த வீடு தல்மானில். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, நாலு நாளில் வந்துவிடுகிறேன் என்று போனவள். அம்மா மூன்றாம் நாளே எழுந்து ஆட்டுக்குத் தீனி வைக்கப் போய்விட்டாள். ஹுஸ்ஸாவால்தான் பதினோரு மாதமாகத் திரும்பி வர முடியவில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. மர்ஸூக் பதினோரு மாதமாக டப்பா மீன் தின்றான். அவள் இல்லாத வீட்டுக்குள் நுழைவதற்கே அவனுக்குப் பிடிக்கவில்லை. அலுவலகத்தில் கழுவின கோப்பைகளையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நிற்பான். மனு போட்டான். "சகோதர உறவுகள் சீரடைந்தபின் பரிசீலிக்கப்படும்" என்று தங்க முத்திரை வைத்த தாளில் பதில் வந்தது. எத்தனை அழகான தாள்!

உறவைச் சீராக்கத்தான் பீர் ஸாலிம் எல்லைச் சாவடியில் மாநாடு கூட்டினார்கள். கூட்டுவதற்கு முன் மூன்று வாரம் மாநாட்டைப் பற்றிய மாநாடு நடந்தது. கூடாரம் கஸ்ரானுடையது. கம்பளம் தல்மானுடையது. காப்பி கஸ்ரான், பேரீச்சம்பழம் தல்மான். கூடாரத்தின் நடுக்கம்பம் சரியாக எல்லைக் கோட்டின் மேல். இப்படி எல்லாம் முடிவான பிறகு, காப்பி யாருடையதோ அவர்தான் வீட்டுக்காரர், மற்றவர் விருந்தாளி என்று ஒப்புக்கொண்டார்கள். வீட்டுக்காரர் கஸ்ரான் வெளியுறவு அமைச்சர் ஷேக் ஃபவ்வாஸ். விருந்தாளி தல்மான் வெளியுறவு அமைச்சர் டாக்டர் கைஸ். ஒப்பந்தம் ஏற்கெனவே தட்டச்சு செய்து தயாராக இருந்தது. காப்பி குடிக்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், மத்தியானம் கதவைத் திறக்க வேண்டும். மூன்றே வேலை.

முதல் வேலையிலேயே சரித்திரம் குறுக்கே வந்துவிட்டது.

மர்ஸூக் குனிந்து கோப்பையை நீட்டினான். டாக்டர் கைஸ் வாங்கினார். உதட்டருகே கொண்டுபோனார். முகம் ஒரு பக்கமாகக் கோணியது. கோப்பையை அப்படியே கம்பளத்தின் மேல் வைத்துவிட்டார்.

பாலைவனத்தில் பிறந்த எவனுக்கும் இதற்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை. விருந்தாளி காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தால், ஏதோ ஒன்றைக் கேட்டு வந்திருக்கிறான். வீட்டுக்காரன், "குடிங்க, நீங்க வந்த காரியம் முடிஞ்சது" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் என்ன காரியம் என்றே கேட்கலாம். பெண் கேட்டு வந்தாலும் சரி, கொலைப்பழியை மன்னிக்கச் சொல்லி வந்தாலும் சரி, வீட்டுக்காரன் வார்த்தையை விட்டால் விட்டதுதான். சொல்லாமல் இருந்து, விருந்தாளி குடிக்காமல் எழுந்து போய்விட்டால், வீட்டுக்காரன் ஏழு தலைமுறைக்கு வெளியே தலைகாட்ட முடியாது.

ஷேக் ஃபவ்வாஸ் புத்திசாலி. "குடிங்க" என்று சொன்னால் எதைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று தெரியாது. கிணறாக இருக்கலாம், கடற்கரையாக இருக்கலாம். ஆகவே புன்னகை செய்தார். அந்தப் புன்னகையை மூன்று நாள் இறக்கவில்லை.

உபசார நெறிமுறைத் துறைத் தலைவர் உஸ்தாத் ரம்ஸி, மர்ஸூக்கின் முழங்கையைப் பிடித்துக் கூடாரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"சூடு சரியா இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சு உஸ்தாத்."

"ஏலக்காய்?"

"எப்பவும் போடுறதுதான்."

"அப்ப சந்தேகமே இல்ல. கோரிக்கைதான்!" ரம்ஸி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"என்ன வேணும்னு அவரையே கேட்டுட்டா என்ன உஸ்தாத்?"

ரம்ஸி அவனைப் பார்த்த பார்வையில் இருபத்திரண்டு வருஷ உத்தியோகம் ஆடிப்போயிற்று. "கேக்குறதா? கேட்டா குடுக்கணும்யா!"

"குடுக்க முடியாததா இருந்தா?"

"குடுக்க முடியாதுன்னு சொல்லணும்னாகூட, முதல்ல குடுத்துட்டேன்னு சொன்னாத்தான்யா அது என்னன்னே தெரியும். போ, போய்க் கோப்பையைப் பாத்துக்க. அதை யாரும் தொடக் கூடாது. ஆறிப்போச்சுன்னு மாத்திட்டேன்னு வச்சுக்க, அவங்க கோரிக்கையை நாம நிராகரிச்சதா ஆயிடும்."

கஸ்ரான் தலைநகரில் அன்று பகலே 'கோரிக்கை ஊகக் குழு' அமைக்கப்பட்டது. தல்மான் என்னென்ன கேட்கக்கூடும் என்று பதினாலு பக்கம் எழுதி, அதில் ஒன்றையும் கொடுக்க முடியாது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். அந்தப் பக்கம் தல்மான் தலைநகரில் சந்தோஷம் பொங்கி வழிந்தது. நம் அமைச்சர் கோப்பையை வைத்துவிட்டார்! ஆனால் எதற்காக வைத்தார் என்று அங்கேயும் யாருக்கும் தெரியவில்லை. அமைச்சரையே கேட்கலாம்தான். கேட்டால் அரசாங்கத்துக்குத் தன் கோரிக்கையே தெரியாது என்று ஆகிவிடாதா? ஆகவே 'கோரிக்கை நிர்ணயக் குழு' ஒன்றை அமைத்து, டாக்டர் கைஸுக்கு ஃபேக்ஸ் அனுப்பினார்கள்: "உங்கள் உறுதி நாட்டை நெகிழ வைத்தது. கோப்பையைத் தொட வேண்டாம். நம் கோரிக்கை என்ன என்பது விரைவில் தெரிவிக்கப்படும்."

மத்தியானத் தொழுகை முடிந்ததும் மர்ஸூக் முள்வேலிப் பக்கம் போனான். கூடாரத்திலிருந்து இருநூறு அடி. வேலிக்கு அப்பால் தகரக் கொட்டகை நிழலில் நாற்பது ஐம்பது பேர் மூட்டை முடிச்சோடு நின்றார்கள். மத்தியானம் கதவு திறக்கும் என்று வானொலி சொன்னதை நம்பி வந்த வெகுளிகள். ஹுஸ்ஸா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வேலியை ஒட்டி வந்தாள்.

"என்ன மனுஷா, இப்படி இளைச்சுப் போயிருக்க?"

"டப்பா மீன்."

"ஒரு வெங்காயமாவது நறுக்கிப் போட்டுக்கக் கூடாது?"

"நீ இல்லாம எனக்கு எதுக்குடி வெங்காயம்."

அவள் முக்காட்டை இழுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். உடனே குரலை உயர்த்தினாள். "எப்பத்தான் திறப்பாங்க? எங்கம்மா வீட்ல இருந்து வெயிலுக்கு முன்னாடி கிளம்பினது. கால் கடுக்குது."

"உங்காளு காப்பியைக் குடிச்ச உடனே திறந்துடுவாங்க."

"இன்னும் குடிக்கலையா? நீ அதுல என்னத்தப் போட்டுத் தொலைச்ச?"

"நான் ஒண்ணும் போடல. கோரிக்கை வச்சிருக்காராம்."

"என்ன கோரிக்கை?"

"அதைக் கேக்கக் கூடாதாம்."

ஹுஸ்ஸா மூட்டையைத் தரையில் இறக்கினாள். "நம்ம கல்யாணத்துக்கு உங்கப்பா எங்க வீட்ல கோப்பையைக் கீழ வச்சாரு. எங்கப்பா நாலு எண்ணுறதுக்குள்ள 'குடிங்க, பொண்ணு உங்களுக்குத்தான்'னாரு. வெறும் ஆடு மேய்க்கிறவரு. இவங்கள்லாம் பெரிய படிப்புப் படிச்சவங்கதானே?"

படித்தவர்கள் என்பதால்தான் நாலு எண்ணுவதற்குள் முடிக்கவில்லை என்பது அவளுக்குப் புரியவில்லை. பாவம், பட்டிக்காட்டுப் பெண்.

இரண்டாம் நாள் 'சகோதர நாடுகள் சங்க'த்திலிருந்து கண்காணிப்பாளர்கள் மூன்று பேர் அளவுகோலோடு வந்து இறங்கினார்கள். காரணம், கோப்பையில் காப்பி குறைந்திருந்தது. மரியாதைக்காரர்கள் கோப்பையில் மூன்றில் ஒரு பங்குதான் ஊற்றுவார்கள். அதிலும் பாதியைக் காணோம். விருந்தாளி மறைவாகக் குடித்துவிட்டார், கோரிக்கை வாபஸ் ஆகிவிட்டது என்று கஸ்ரான் அறிக்கை விட்டது. குடித்தது வெயில், அதுவும் கஸ்ரான் பக்கத்துத் திரையைத் தூக்கிக் கட்டியதால் வந்த வெயில் என்று தல்மான் மறு அறிக்கை விட்டது. இதற்கிடையே ஒரு ஈ கோப்பைக்குள் விழுந்தது. ஈ எந்த நாட்டிலிருந்து பறந்து வந்தது என்பதில் காலை முழுவதும் போயிற்று. கடைசியில் அந்த ஈயை இரண்டு நாடும் தன்னுடையதல்ல என்று கைவிட்டதால், அநாதையாக அறிவித்து ஒரு கண்காணிப்பாளர் ஈர்க்குச்சியால் எடுத்துப் போட்டார். போருக்குப் பிறகு இரண்டு நாடும் சேர்ந்து எட்டிய முதல் உடன்பாடு அது.

கண்காணிப்பாளர்கள் அளந்து பார்த்து எழுதிக் கொடுத்தார்கள்: "இதே வேகத்தில் போனால் காப்பி நாளை மாலைத் தொழுகைக்குள் வற்றிவிடும். வற்றிய கோப்பையின் மேல் பேச்சுவார்த்தை நடத்த நெறிமுறையில் இடமில்லை. அந்த நிமிஷமே மாநாடு முடிந்ததாகக் கொள்ளப்படும். அடுத்த மாநாட்டை அடுத்த வருஷம் ஹஜ்ஜுக்குப் பின் வைத்துக்கொள்ளலாம்."

அடுத்த வருஷமா! மர்ஸூக்குக்கு ஐம்பத்தாறு வயது. இன்னொரு வருஷம் அந்த வீட்டில் தனியாகப் பூட்டைத் திறந்து நுழைவதா! திரையை அவிழ்த்துவிட்டான். விசிறிக்காற்றைத் திருப்பிவைத்தான். பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தான், கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று. 'ஒருதலைப்பட்ச நடவடிக்கை' என்று தல்மான் ஆட்சேபித்ததால் அதையும் எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

கோரிக்கை நிறைவேறாத விருந்தாளி வீட்டுக்காரர் சோற்றில் கை வைக்க மாட்டார். விருந்தாளி சாப்பிடாமல் வீட்டுக்காரரும் சாப்பிட மாட்டார். ஆக இரண்டு அமைச்சர்களும் இரண்டு நாளாகப் பட்டினி என்று இரண்டு நாட்டுப் பத்திரிகைகளும் உருகி உருகி எழுதின. மூன்றாம் நாள் காலையில் தல்லாவைக் கழுவத் தண்ணீர் எடுக்க மர்ஸூக் ஜெனரேட்டர் லாரிக்குப் பின்பக்கம் போனான். அங்கே பேச்சுக்குரல் கேட்டது. எட்டிப் பார்த்தான்.

ஷேக் ஃபவ்வாஸும் டாக்டர் கைஸும் கவிழ்த்துப்போட்ட பழப் பெட்டிகளின் மேல் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, ஃபலாஃபில் வடை சுருட்டிய ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

"உங்க அத்தை எப்படி இருக்காங்க?" என்றார் ஃபவ்வாஸ்.

"இருக்காங்க, இருக்காங்க. உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருப்பாங்க. இந்த ஊறுகாயை எடுத்துக்கங்க. நல்லா இருக்கு."

"உங்க பையன் கல்யாணத்துக்கு வரணும்னு பாக்குறேன்."

"வராம இருந்துடாதீங்க. லண்டன்லதான் வச்சிருக்கோம். அங்க எல்லை கில்லைன்னு ஒரு தொந்தரவும் கிடையாது."

மர்ஸூக் லாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான். இரண்டு பேரும் ரொட்டியை மடியில் மறைத்தார்கள். காப்பிக்காரன்தான் என்று தெரிந்ததும் திரும்ப வெளியே எடுத்தார்கள்.

மர்ஸூக் விருந்தாளி முன்னால் போய் நின்றான். "டாக்டர், நீங்க நல்லா இருக்கணும். நான் ஊத்தின காப்பி அது. எனக்காக ஒரு மடக்குக் குடிச்சுடுங்க. என் சம்சாரம் மூணு நாளா அந்தக் கொட்டகையில கிடக்கா. உங்க கோரிக்கை என்னவோ, அதை இன்னொரு நாள் கேட்டுக்கக் கூடாதா?"

"கோரிக்கையாவது மண்ணாவது!" டாக்டர் கைஸ் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "பல்லுய்யா! மாநாட்டுக்கு முந்தின நாள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாங்க. சூடு பட்டதும் உயிரே போயிடுச்சு. ரெண்டு நிமிஷம் ஆறட்டும்னு வச்சேன். அதுக்குள்ள எங்க ரேடியோவுல சொல்லிட்டான். அப்புறம் ஃபேக்ஸ் வந்துடுச்சு. இப்ப நான் குடிச்சா ஊருக்குப் போய்ப் பதவியில இருக்க முடியுமா, சொல்லு?"

மர்ஸூக் தன் அமைச்சரிடம் திரும்பினான். "ஷேக்! கேட்டீங்களா ஷேக்? கோரிக்கையே இல்லையாம்! பல்லாம்! 'குடிங்க'ன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். ஒண்ணுமே குடுக்க வேண்டாம்!"

"எனக்கு முதல் நாளே தெரியும்" என்றார் ஷேக் ஃபவ்வாஸ், ரொட்டியை மென்றுகொண்டே. "கன்னம்தான் வீங்கியிருந்துச்சே."

"தெரிஞ்சுமா ஷேக்..."

"மர்ஸூக், நீ ராஜதந்திரத்துலயே வளர்ந்தவன். உனக்குச் சொல்லணுமா? பதினாலு பக்கம் தீர்மானம் போட்டு எதையும் குடுக்க மாட்டோம்னு நாடே நிமிர்ந்து நிக்குது. இப்போ போய் 'குடிங்க'ன்னு நான் சொன்னா, தல்மானோட ஒரு பல்லுக்குக் கஸ்ரான் பணிஞ்சுபோச்சுன்னு ஆயிடாதா?"

"ஆயிடும்" என்று டாக்டர் கைஸ் அனுதாபத்தோடு தலையாட்டினார்.

பொறுப்புள்ள பதவியில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் எத்தனை ஆழமாகப் புரிந்துகொள்கிறார்கள்! மர்ஸூக்குக்கு அது ரசிக்கவில்லை. தல்லாவை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனான்.

வேலியில் நின்ற தல்மான் சிப்பாய், மாலைத் தொழுகை ஆனதும் பஸ் கிளம்பும், எல்லாரும் ஏறி ஊர் போய்ச் சேருங்கள் என்று கத்திக்கொண்டிருந்தான். ஹுஸ்ஸா மூட்டையைக் கட்டிப் பிடித்தபடி நின்றாள். மர்ஸூக் பல் கதையைச் சொன்னான். ஜெனரேட்டர் லாரியையும் ஊறுகாயையும் சொன்னான்.

அவள் மெதுவாகச் சொன்னாள். "எனக்குப் பயமா இருக்கு மனுஷா. எங்கம்மாவும் இல்லாம போயிட்டா நான் இங்க யாரு வீட்ல இருப்பேன்? அண்ணன் பெண்டாட்டி இப்பவே ரொட்டியை எண்ணித்தான் வைக்கிறா."

"அழாத."

"நான் அழல. வெயில்."

மர்ஸூக் வேலிக்கம்பியின் இடைவெளியில் இரண்டு விரலை நுழைத்தான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். சிப்பாய் நல்ல பிள்ளை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

கூடாரத்துக்குத் திரும்பும் வழியில் மர்ஸூக் யோசித்தான். காப்பி ஊற்றுகிறவனுக்கும் நெறிமுறையில் ஒரு உரிமை உண்டு. விருந்தாளிக்குக் கொடுக்குமுன் ஒரு வாய் தானே குடித்துக் காட்டுவான், விஷமில்லை என்று தெரிய. யோசித்துப் பார்த்தால் குடிக்க வேண்டியவர் குடிக்க மாட்டார், குடி என்று சொல்ல வேண்டியவர் சொல்ல மாட்டார். காப்பியே இல்லாமல் போனால்? வற்றிப்போனால்தான் மாநாடு முடியும்; காப்பிக்காரன் குடித்துவிட்டால் முடியும் என்று நெறிமுறையில் எங்கும் இல்லை. வேறு கோப்பையில் புதிதாக ஊற்றிக் கொடுத்தால் டாக்டருக்கு இன்று பல் வலி இல்லை, குடித்துவிடுவார். யாருக்கும் தோல்வியில்லை. தப்பு நடந்துவிட்டது, காப்பிக்காரன் கிழட்டு மடையன் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். கையெழுத்து விழும். கதவு திறக்கும்.

உள்ளே எல்லாரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். ஷேக் புன்னகையோடு, டாக்டர் கடுமையோடு, கண்காணிப்பாளர்கள் அளவுகோலோடு. கோப்பையின் அடியில் ஒரு மடக்குத்தான் பாக்கி. மர்ஸூக் நேரே போய்க் குனிந்தான். கோப்பையை எடுத்தான். மூன்று நாள் காப்பியை, தூசியும் மண்டியுமாக, கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். கோப்பையை இரண்டு தடவை ஆட்டினான், போதும் என்று விருந்தாளிகள் ஆட்டுவது போல. பிறகு இன்னொரு கோப்பையில் சுடச்சுட ஊற்றி, "குடிங்க டாக்டர், புதுசு" என்று நீட்டினான்.

உஸ்தாத் ரம்ஸி மயங்கி விழுந்தார்.

அதன் பிறகு நடந்ததைத்தான் சரித்திரம் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும். மூன்று நாளாக அசையாமல் உட்கார்ந்திருந்த இரண்டு அமைச்சர்களும் ஒரே நேரத்தில் துள்ளி எழுந்தார்கள்.

"எங்க நாட்டோட கோரிக்கையைக் குடிச்சுட்டான்!" என்றார் டாக்டர் கைஸ். கூடாரத்துக்குள் மூன்று நாளில் அவர் வாய்திறந்து பேசிய முதல் வாக்கியம் அது. "இறையாண்மையையே விழுங்கிட்டான்!"

"என் வீட்டு விருந்தாளியோட கோப்பையில வாய் வச்சுட்டான்!" என்றார் ஷேக் ஃபவ்வாஸ்.

"இது தல்மானுக்கு நேர்ந்த அவமானம்."

"இல்லை, இது கஸ்ரானுக்கு நேர்ந்த அவமானம்."

"சரி, நம்ம ரெண்டு பேருக்கும் நேர்ந்த அவமானம்!"

'நம்ம' என்றார்! பதினோரு மாதத்தில் அந்த வார்த்தை அங்கே யார் வாயிலிருந்தும் வரவில்லை. கண்காணிப்பாளர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு அமைச்சர்களும் தோளோடு தோள் சேர்த்துக்கொண்டு, பாலைவன வழக்கப்படி மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டார்கள். கேமராக்கள் மின்னின.

"டாக்டர், ஷேக்" என்றான் மர்ஸூக், கோப்பையை நீட்டினபடியே. "இப்ப கதவைத் திறந்துடலாமில்ல?"

அவனை யாரும் கவனிக்கவில்லை. கஸ்ரான் பெருந்தன்மையில் யாருக்கும் இளைத்ததல்ல. ஷேக் ஃபவ்வாஸ் நெஞ்சில் கை வைத்தார். "என் கூடாரத்துல உங்களுக்கு நடந்த குத்தம். இவனை உங்க கையிலயே குடுத்துடுறேன். உங்க சட்டப்படி என்ன தண்டனையோ குடுத்துக்கங்க."

வாங்கினால் திருப்பிக் கொடுக்காமல் இருப்பது தல்மானில் பெரிய இழிவு. டாக்டர் கைஸ் அங்குமிங்கும் பார்த்தார். கொடுப்பதற்குப் பேரீச்சம்பழம் தவிர ஒன்றும் இல்லை. உதவியாளர் குனிந்து காதில் ஏதோ சொன்னார். டாக்டர் முகம் மலர்ந்தது. "இவன் பெண்டாட்டி எங்க மண்ணுலதான் நிக்கிறாளாம். கல்யாணத்தால உங்க நாட்டுக்காரி. குத்தவாளியோட சம்சாரம் எங்களுக்கு எதுக்கு? அவளை உங்களுக்குத் தந்துடுறோம்."

"பெரிய மனசு!" என்றார் ஷேக்.

"உங்களைவிடவா!" என்றார் டாக்டர்.

எல்லைக் கதவைத் திறக்க நாலே நிமிஷம்தான் ஆயிற்று. சாவி இருந்தது, எண்ணெய் போட்டிருந்தது, கதவு கிரீச்சென்ற சத்தம்கூடப் போடவில்லை. மர்ஸூக்கை இரண்டு சிப்பாய்கள் இந்தப் பக்கமிருந்து கொண்டுபோனார்கள். ஹுஸ்ஸாவை இரண்டு சிப்பாய்கள் அந்தப் பக்கமிருந்து கொண்டுவந்தார்கள். கோட்டின் மேல் இரண்டு பேரும் எதிரெதிரே வந்தபோது சிப்பாய்கள் கொஞ்சம் நின்றார்கள்.

"என்ன பண்ணித் தொலைச்ச மனுஷா?" என்றாள் ஹுஸ்ஸா.

"நீ வீட்டுக்குப் போகணும்னுதான்."

"நீ இல்லாத வீட்டுல நான் என்னய்யா பண்ணுவேன்?"

"சாவி பக்கத்து வீட்டுல இருக்கு. ஜன்னல் திறந்தே கிடக்கு, சாத்திக்க" என்றான் மர்ஸூக். சிப்பாய்கள் அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டு பேரும் கடந்ததும் கதவை மூடிப் பூட்டினார்கள். கொட்டகையில் மிச்சமிருந்தவர்களைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்தது. "இரு திசைகளிலும் மக்கள் போக்குவரத்து மீண்டும் தொடங்கியது" என்பது அதன் முதல் வரி.

ஹுஸ்ஸா மூட்டையைக் கீழே போட்டுவிட்டு நேராகக் கூடாரத்துக்குள் போனாள். தடுக்க வந்தவனைத் தள்ளிவிட்டாள். இரண்டு அமைச்சர்களும் கோழிக்கறி போட்ட மந்திச் சோற்றுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"பதினோரு மாசமா என்னய்யா பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்றாள். குரல் உடைந்து அழுகையாக வந்தது. "ஒரு வீட்டைச் சேத்து வைக்கணும்னா உங்களுக்கு ஆயிரம் நெறிமுறை. ஒரு ஏழையைப் பிடிச்சு உள்ள தள்ளணும்னா ஒரு நிமிஷத்துல ஒற்றுமை வந்துடுதே! உங்க ஒற்றுமையைப் பார்த்தா வயிறு எரியுது!"

ஷேக் ஃபவ்வாஸ் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, அவளுக்கு மரியாதையாகத் தலைகுனிந்தார். மறுநாள் இரண்டு நாட்டுப் பத்திரிகைகளிலும் ஒரே படம், ஒரே செய்தி வந்தது: "இரு நாடுகளின் ஒற்றுமையைக் கண்ட சாதாரணக் குடிமகள் ஒருவர், மாநாட்டுக் கூடாரத்துக்குள்ளேயே ஓடிவந்து கண்ணீர் விட்டார்."

செய்தியில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. கூடாரம் உண்மை, ஒற்றுமை உண்மை, அவள் விட்ட கண்ணீரும் உண்மை.